எந்தத் திகதி மட்டும்?

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "என்னைப் பற்றிப் போடுறதெண்டால், எப்ப எடுப்பீர் எண்டும் சொல்லிப்போட்டுப் போடும்" என்று நிச்சயமாகக் கேட்பார்.

மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட, ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அலுவலகம் என்றால் இரண்டு மேசை, இரண்டு கணினி, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. வலிகாமப் பகுதி ஆட்களுக்கு வேண்டிய அறிவித்தல்களைப் போடுகிற ஒரு சின்ன இணையத்தளத்தை அங்கிருந்து நடத்தினேன். வேலை வெற்றிடம், மரண அறிவித்தல், கலியாண விளம்பரம், கோயில் திருவிழா, ரியூசன் வகுப்பு என்று எல்லாம் வரும். ஐந்து வருடம் அக்கா எனக்கு எதிர் மேசையில் இருந்தார்.

தொலைபேசி அடித்தால் அவர்தான் எடுப்பார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, தடித்த மட்டை போட்ட சி.ஆர். கொப்பியைத் திறந்துகொண்டு, "ஓம், சொல்லுங்கோ" என்பார். மறுபக்கம் சொல்வதையெல்லாம் எழுதுவார். எழுதி முடித்ததும் அந்தக் கேள்வி வரும்.

"சரி, போடலாம். எந்தத் திகதி மட்டும்?"

மறுபக்கத்தில் ஆள் முழிப்பது எனக்கே கேட்கும். ஒரு விளம்பரம் எப்போது தொடங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், உடனே. எப்போது முடிய வேண்டும் என்று எவரும் யோசித்திருக்கமாட்டார்கள். கணித வகுப்பு நடத்துகிற மாஸ்ரர் ஒருவர், "அது எப்பவும் கிடக்கட்டும் பிள்ளை" என்று சொன்னாராம்.

"எப்பவும் எண்டு ஒரு திகதி இல்லை, சேர். கலண்டரிலை இருக்கிற ஒண்டைச் சொல்லுங்கோ."

மாஸ்ரர் சிரித்துவிட்டு, வருடக் கடைசி நாளான மார்கழி முப்பத்தொன்று என்றார். அக்கா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அவர் முதன்முதல் எங்கள் படியேறி வந்தது வேலை கேட்டு அல்ல. சண்டை பிடிக்க.

அந்தத் தளத்தைத் தொடங்கியவன் என் பள்ளிக்கூடத்து நண்பன். எவரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய, உள்ளே பிரித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்தமூல மென்பொருளில் அதைக் கட்டியிருந்தான். பிறகு அவன் மெல்பேர்னுக்குப் போய்விட்டான். கடவுச்சொல்லை ஒரு துண்டில் எழுதி என் கையில் தந்துவிட்டுப் போனான். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஒருநாள் துணிந்து மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். பழைய அறிவித்தல்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் இருந்த வெளியீட்டுத் திகதி, நான் மாற்றிய அந்த நாளின் திகதியாகிவிட்டது. மூன்று வருடத்து அறிவித்தல்களும் ஒரே நாளில் வெளிவந்தவை போல நின்றன. நான் கவனிக்கவில்லை. கவனித்தபோதும் பெரிதாக எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை, குடையை மடக்கிக்கொண்டு அவர் வந்து நின்றார். கையில் சான்றிதழ்கள் வைத்த ஃபைல். சேலைக் கரையெல்லாம் சேறு.

"தம்பி, ஆர் இந்த வெப்சைற்றுக்குப் பொறுப்பு?"

"நான்தான் அக்கா."

"அப்ப இதைப் பாரும்." தன் கைபேசியை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினார். "வேலைக்கு ஆள் தேவை. அறிவித்தல் வெளியான நாளிலை இருந்து பத்து நாளைக்குள்ளை நேரிலை வரவும். வெளியான நாள் போன புதன். இண்டைக்கு ஆறாம் நாள். சண்டிலிப்பாயிலை இருந்து ரண்டு பஸ் மாறி ரவுணுக்குப் போய் நிக்கிறன், வாசல் காவலாளி சொல்லுறார், அம்மா அது போன வருசம் எடுத்து முடிஞ்சுது எண்டு. நான் என்ன விசரியோ?"

நான் பதிப்பு மாற்றியது, திகதி மாறியது எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். மன்னிப்புக் கேட்டபோது அதைக் காதில் வாங்காதவர் போல, "இப்பிடி எத்தினை கிடக்கு?" என்றார்.

"நானூறு மட்டிலை இருக்கும்."

"என்னைப்போல எத்தினை பேர் பஸ் ஏறினவையோ தெரியாது. கதிரை ஒண்டு தாரும்."

அன்று பின்னேர பஸ் வரும் மட்டும் இருந்தார். பழைய மின்னஞ்சல்களை நான் ஒவ்வொன்றாகத் திறந்து உண்மையான நாளைச் சொல்ல, அவர் ஒரு தாளில் எழுதினார். அடுத்த நாளும் வந்தார். மூன்றாம் நாள் தேத்தண்ணி வாங்கி வைத்துவிட்டு, இங்கேயே வேலைக்கு வருவீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யன்னலால் வீதியைப் பார்த்துவிட்டு, "வாறன். ஆனால் எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது. திகதி தெரியும்" என்றார்.

அது உண்மைதான். பதினொரு வருடம் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுத்தவர். முதலாளி கடையை மூடிவிட்டுக் கனடாவுக்குப் போனதால் வேலை போனவர். எந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பி முடிவுத் திகதியைப் பார்க்கிற கை அது. நான் வாங்கி வருகிற பிஸ்கற் பைக்கற்றையும் அப்படித்தான் பார்ப்பார். வீட்டில் ஒரு தம்பியின் குடும்பத்தோடு இருந்தார் என்பதற்கு மேல் தன்னைப் பற்றி ஒன்றும் கதைக்கமாட்டார்.

வேலைக்கு வந்த முதற் கிழமையே அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு அறிவித்தலின் உட்பக்கத்திலும் திகதிக்கு இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று தொடங்கும் நாள். மற்றது முடியும் நாள்.

"இந்த ரண்டாவது பெட்டியை ஏன் ஒருநாளும் நிரப்பேல்லை?"

"அது கட்டாயம் இல்லை அக்கா. வெறுமையா விட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும்."

"அதுதானே பிழை."

அன்றிலிருந்து இரண்டாவது பெட்டி நிரம்பாமல் ஒன்றும் வெளியே போகவில்லை. முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக, கொப்பியைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அவரே தொலைபேசி எடுப்பார். இன்னும் விடட்டோ, எடுக்கட்டோ என்று கேட்பார். இப்படிக் கேட்கப்போய் ஊர்க்கதை முழுக்க அவருக்குத் தெரியவந்தது. ஆனால் ஒன்றையும் வெளியே விடமாட்டார்.

ஒருமுறை ஒரு கலியாண விளம்பரம். தகப்பன் மூன்று மாதத்துக்கு என்று கொடுத்தது. இடையில் மணப்பெண்ணே தொலைபேசி எடுத்து, "அக்கா, அதை இண்டைக்கே எடுத்துவிடுங்கோ, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று கேட்டாள். நானாக இருந்தால் எடுத்திருப்பேன். அக்கா, "தந்தவர் அப்பா, பிள்ளை. அவர்தான் எடுக்கச் சொல்லவேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மூன்று மாதம் முடிகிற சமயம் தகப்பனுக்கு எடுத்தார். தகப்பன் இன்னும் மூன்று மாதம் நீட்டச் சொன்னார்.

"நீட்டலாம் ஐயா. பிள்ளையைக் கேட்டனீங்களோ?"

தகப்பன், "அது..." என்று இழுத்தார்.

"கேட்டிட்டு எடுங்கோ. நான் அதுவரைக்கும் போடாமல் வைக்கிறன்."

அந்தத் தகப்பன் திரும்ப எடுக்கவே இல்லை. என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று நான் அரித்தபோது, "எங்கடை வேலை திகதி" என்று வாயை மூடிக்கொண்டார்.

அவருக்குக் கணினி தெரியாது என்பதும் உண்மைதான். அதை ஒருநாள் தளம் முழுவதும் அறிந்தது. எவரோ தன்னார்வமாக மொழிபெயர்த்த தமிழில் அந்த மென்பொருளைப் பாவித்தோம். அதன் பட்டியலில் 'நீட்சிகள்' என்று ஒரு பகுதி உண்டு. மென்பொருளோடு மேலதிகமாகப் பொருத்திக்கொள்கிற சின்னச் சின்ன நிரல்களை அங்கே நீட்சி என்று எழுதியிருந்தார்கள். அக்கா அதை வேறு மாதிரி விளங்கிக்கொண்டார். மரண அறிவித்தல் ஒன்று அந்தியேட்டிக் கிரியையோடு, முப்பத்தோராம் நாள் முடிய இருந்தது. இன்னும் ஒரு மாதம் நீட்டித்தரும்படி கனடாவில் இருந்து மகள் கேட்டிருந்தார். நீட்டுவதற்கு நீட்சிக்குள் போகாமல் வேறு எங்கே போவது? உள்ளே போய், வரிசையாக இருந்த பெயர்களில் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்த பொத்தானை அமத்தினார். தளத்தில் இருந்த படங்கள் எல்லாம் மறைந்துபோயின. மாப்பிள்ளைமார், காலமானவர்கள், திருவிழாத் தேர் ஒன்றும் இல்லை.

நான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தபோது அக்கா எழும்பி நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"தம்பி, நான் எல்லாரையும் அழிச்சுப்போட்டன்."

படங்களைக் காட்டுகிற நீட்சியை அவர் நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். நான் மறுபடி அமத்த எல்லோரும் திரும்பி வந்தார்கள். அக்கா கதிரையில் இருந்துகொண்டு ஒரு போத்தல் தண்ணீர் முழுவதையும் குடித்தார். பிறகு கொப்பியில், நீட்சி வேறு, நீடிப்பு வேறு என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். சில மாதம் கழிய, திகதி முடியப்போகிறவற்றை முன்கூட்டியே பட்டியல் போட்டுத் தருகிற ஒரு நீட்சி இலவசமாக இருக்கிறது என்று தேடிப் பிடித்து என்னைப் பொருத்தச் சொன்னவரும் அவர்தான்.

இப்போது உடுப்பிட்டியில் இருந்து வந்த ஓர் ஐயாவின் கதையைச் சொல்லவேண்டும்.

மானிப்பாயில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் காலமானார். அறிவித்தலைப் பின்னேரம் கொண்டுவந்து தந்த மகன் ஒன்றைக் கேட்டுக்கொண்டான். தமக்கை வெளிநாட்டில். தாங்கள் கதைத்துச் சொல்ல முதல் அவர் இணையத்தில் பார்த்துவிடக் கூடாது. ஆகவே அடுத்தநாள் காலை ஆறு மணிக்குத்தான் வெளிவர வேண்டும். இப்படி நேரம் குறித்து முன்கூட்டியே வைப்பது எங்களுக்கு அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் கையோடு போடுவதுதான். அக்கா முதற் பெட்டியில் அடுத்தநாள் திகதியையும் ஆறு மணியையும் கவனமாகப் போட்டார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். சரியாக இருந்தது.

அடுத்தநாள் பின்னேரம் மூன்று மணியளவில் ஒரு முதியவர் எங்கள் படியேறி வந்தார். வெள்ளை வேட்டி, வியர்வையில் நனைந்த சேர்ட். உடுப்பிட்டியில் இருந்து வருவதாகச் சொன்னார். காலமானவரும் அவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் படிப்பித்தவர்கள். தொலைபேசி இலக்கம் எல்லாம் மாறித் தொடர்பு விட்டுப்போய்விட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் எங்கள் பக்கத்தைப் பார்ப்பாராம். பகல் பார்த்துவிட்டு ஓடிவர, பன்னிரண்டு மணிக்கே பிரேதம் எடுத்து முடிந்து, வீடு கழுவிக்கொண்டு நின்றார்கள்.

"நான் பிழை சொல்ல வரேல்லைப் பிள்ளையள்" என்றார். "ஒண்டு கேக்கத்தான் வந்தனான். காலமை ஏழு மணிக்குப் பாத்தனான். ஒம்பது மணிக்கும் பாத்தனான். என்ரை கண்ணிலை படேல்லை. அப்ப அது இருந்ததோ? எனக்குக் கண் சரியில்லை, அதுதான் கேக்கிறன்."

நான் கணினியைத் திருப்பிக் காட்டினேன். வெளியான நேரம் காலை ஆறு என்று தெளிவாக இருந்தது. "இருந்திருக்கு ஐயா" என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையால் என்னைத் தடுத்தார்.

"ஐயா, இருங்கோ. ஒரு பத்து நிமிசம் பொறுங்கோ."

அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அக்கா சும்மா ஒரு சோதனை அறிவித்தலை எழுதினார். தொடங்கும் நேரம் மூன்று மணி பத்து நிமிடம் என்று போட்டார். சுவர் மணிக்கூட்டில் மூன்று பத்தாகியது. வரவில்லை. மூன்று பதினைந்தாகியது. வரவில்லை. அக்காவின் முகத்தை நான் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் தளம் இருக்கிற கணினி கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது. எங்கள் ஆறு மணி அதற்கு ஆறு மணி அல்ல. அது ஆறு என்று நினைத்து அந்த அறிவித்தலை வெளியே விட்டபோது இங்கே பதினொன்றரை.

இதை நான் தாழ்ந்த குரலில் அக்காவுக்குச் சொன்னேன். அந்த ஐயாவுக்கு இது ஒன்றும் விளங்கப்போவதில்லை. அவர் தன் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டு போய்விடுவார். அதுவே எங்களுக்கு நல்லது என்று நான் நினைத்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

அக்கா எழும்பி அவருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, உங்கடை கண்ணிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள் ஏழு மணிக்குப் பாக்கேக்கை அது இருக்கேல்லை. ஒம்பதுக்கும் இருக்கேல்லை. பதினொண்டரைக்குத்தான் வந்தது. ஆறெண்டு போட்டது நான். அஞ்சரை மணித்தியாலம் பிந்தினது எங்கடை பிழை."

ஐயா தண்ணீரைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப நான் பாக்காமல் விடேல்லை" என்றார்.

"இல்லை ஐயா. நீங்கள் பாத்தனீங்கள்."

அவர் தோளில் இருந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். ஏச்சு வரும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அக்காவின் தலையில் கையை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அக்கா கீழே வரைக்கும் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். அன்று மாலையே நான் நேர அமைப்பைக் கொழும்பு என்று மாற்றினேன். ஒரே ஒரு தெரிவு. முதல்நாளே செய்திருக்க வேண்டியது. ஆனால் அக்கா அதை நம்பவில்லை. அதற்குப் பிறகு எதையாவது நேரம் குறித்து வைத்தால், அந்த நேரத்துக்கு அவர் எங்கே நின்றாலும் கைபேசியைத் திறந்து, வந்துவிட்டதா என்று பார்ப்பார்.

இப்படிப்பட்ட ஒருவரோடு இருப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஒழுகுகிற மூலையைத் திருத்துவேன் என்று நான் சொன்ன நாளைக் கூட அவர் எழுதி வைத்திருந்தார். மாதா மாதம் அதை வாசித்துக் காட்டினார். அவருக்கு முன்னால் வாயைத் திறக்கவே சில நாட்களில் பயமாக இருக்கும்.

சனிக்கிழமைகளில் அவர் வருவதில்லை. அப்படி ஒரு சனிக்கிழமைதான் ஓர் அதிகாரி வந்தார். ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தவர். எங்களுக்கு ஒழுங்காக விளம்பரம் தருகிற இடம் அது. மிகவும் மரியாதையாகப் பேசினார். கையில் ஒரு வேலை வெற்றிட அறிவித்தல். விண்ணப்ப முடிவுத் திகதி முதல்நாள் வெள்ளிக்கிழமை என்று இருந்தது.

"இது முடிஞ்சுபோச்சே, சேர்" என்றேன்.

"அதுதான் தம்பி. மூண்டு கிழமைக்கு முந்தின திகதியிலை போட்டுவிடும். வெளியிலை விளம்பரம் செய்தனாங்கள் எண்டு மேலிடத்துக்குக் காட்டவேணும். ஒரு பிரதி, அவ்வளவுதான். ஆர் பாக்கப்போயினம்?"

ஆளை அவர்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. விளங்காதவன் போல இருந்தேன். முதற் பெட்டியில் மூன்று கிழமைக்கு முந்திய திகதியையும், பக்கம் மறையாமல் நிற்க இரண்டாவதில் அடுத்த மாதத் திகதி ஒன்றையும் போட்டேன். அரை நிமிடம் கூட எடுக்கவில்லை. அவர் பிரதி எடுத்துக்கொண்டு, கைகொடுத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை அக்கா வந்து, வழக்கம்போலப் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு அறிவித்தலுக்கும் மென்பொருள் தானாகவே ஒரு தொடர் இலக்கம் கொடுக்கும். திகதியை மாற்றலாம், அந்த இலக்கத்தை மாற்ற இயலாது. மூன்று கிழமைக்கு முந்தியவற்றுக்கு நடுவில் ஒரு புத்தம் புது இலக்கம் நின்றது.

"தம்பி, இது எப்ப போட்டது?"

"திகதி கிடக்குத்தானே அக்கா."

"திகதியைக் கேக்கேல்லை. எப்ப போட்டது எண்டு கேக்கிறன்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களின் விளம்பரம் இல்லாவிட்டால் கடை பூட்டவேண்டியதுதான் என்பதையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"நான் முதல்நாள் இந்தப் படியேறி வந்தது ஏன் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"அது தெரியாமல் நடந்த பிழை அக்கா."

"ஓம். அது தெரியாமல் நடந்தது."

அப்படியே கணினிப் பக்கம் திரும்பினார். தட்டி முடித்ததும் என்னைப் பார்த்து, "ஒண்டையும் அழிக்கேல்லை. ஒரு எழுத்தும் மாத்தேல்லை. போட்ட நாளைப் போட்ட நாளா ஆக்கியிருக்கிறன். வேணுமெண்டால் நீர் திருப்பி மாத்தும். கடவுச்சொல் உம்மட்டையும் இருக்கு" என்றார்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளினிக்குக்குப் போய்விட்டார். பிரஷருக்கு மாதம் ஒருமுறை மருந்து எடுக்கிறவர்.

அறிவித்தல் முகப்புக்கு வந்துவிட்டது. வெளியான நாள் சனிக்கிழமை. விண்ணப்பங்கள் வந்து சேரவேண்டிய கடைசி நாள் அதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை. பார்த்தவர்கள் படம் எடுத்துப் பகிரத் தொடங்கினார்கள். பதினொன்றரைக்கு அந்த அதிகாரி தொலைபேசி எடுத்தார். இப்போது மரியாதை இல்லை.

"உடனை பழையபடி மாத்தும். இல்லாட்டி உம்மடை சைற்றை இழுத்து மூடப்பண்ணுவன்."

நான் மாற்றப் போனேன். உள்ளே போய் அந்தப் பெட்டியில் மூன்று கிழமைக்கு முந்திய திகதியை மறுபடி எழுதினேன். சேமிக்கிற பொத்தானுக்குச் சுட்டியைக் கொண்டுபோகிறேன், மின்சாரம் நின்றுவிட்டது. கைபேசியில் அந்த உட்பக்கம் சரியாகத் திறக்காது. இருட்டுத் திரைக்கு முன்னால் வேர்க்க வேர்க்க இருந்தேன்.

இரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. கணினி எழும்புகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. அதிகாரி என்று நினைத்து எடுத்தேன். ஒரு இளம் பெண்ணின் குரல்.

"அண்ணை, அந்த வேலைக்கு முடிவுத் திகதி போன வெள்ளி எண்டு கிடக்கு. எழுத்துப் பிழையோ? நான் இப்பவும் போடலாமோ?"

"பிழைதான், தங்கச்சி" என்றேன். "அவையளுக்கு எடுத்துக் கேளுங்கோ. விடாமல் கேளுங்கோ."

அதைச் சொன்ன பிறகு பெட்டியைத் தொட எனக்குக் கை வரவில்லை. அக்கா மூன்று மணிக்குக் கிட்ட மருந்துப் பையோடு வந்தார். திரையைப் பார்த்தார். திகதி அவர் மாற்றியபடியே இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

கேள்வி கேட்டு அலுப்புக் கொடுத்தவர்கள் பலராக இருக்கவேண்டும். அடுத்தநாளே நிறுவனத்தில் இருந்து கடிதம் வந்தது, முடிவுத் திகதி இரண்டு கிழமையால் நீடிக்கப்படுகிறது என்று. அக்கா பழைய திகதியையும் அழிக்காமல், கீழே புதியதையும் போட்டார். நேர்முகத்துக்குப் பதின்மூன்று பேர் போனார்கள். கடைசியில் எடுபட்டது அவர்கள் முதலே வைத்திருந்த ஆள்தான்.

"என்ன பிரயோசனம் அக்கா?" என்று கேட்டேன்.

"பதின்மூண்டு பேர் உள்ளை போய்க் கதிரையிலை இருந்து கதைச்சவை" என்றார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அந்த நிறுவனம் பிறகு எங்களுக்கு விளம்பரம் தரவில்லை. ஆட்களும் மெல்ல மெல்ல முகநூலில் அறிவித்தல் போடப் பழகிவிட்டார்கள். ஒன்றரை வருடத்தில் தளத்தை மூடினேன். முகப்பில் மிச்சம் இருந்த அறிவித்தல்காரர் ஒவ்வொருவருக்கும் அக்கா எடுத்து, இன்றோடு நிற்கிறது என்று சொன்னார். மேசையைத் துடைத்தார். கொப்பிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்கவும் தைரியம் வரவில்லை.

போன மாதம் ரவுணில் இருந்து வருகிற பஸ்ஸில் அவரைக் கண்டேன். தலை நன்றாக நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு அயல்வீட்டுப் பெண். நான் பின்னால் நின்று, கதைப்பதா விடுவதா என்று யோசித்தேன். அவரே திரும்பிப் பார்த்துவிட்டார்.

"தம்பி, நீரோ? இஞ்சை முன்னாலை வாரும்."

போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் இப்போது எங்கே வேலை, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். பிறகு பக்கத்துப் பெண்ணிடம் என்னைக் காட்டினார்.

"நான் சொல்லுறனான் எல்லே, வெப்சைற் வைச்சிருந்த தம்பி எண்டு. இவர்தான். பெரிய இடத்து ஆக்கள் போன் எடுத்து வெருட்டியும் இவர் அந்தத் திகதியை மாத்தேல்லை. நான் கிளினிக்காலை வந்து பாக்கிறன், அப்பிடியே கிடக்கு. அண்டைக்குத்தான் எனக்கு இவரிலை நம்பிக்கை வந்தது."

அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருடமாக அவர் இதை ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். நான் பேசாமல் விட்டிருக்கலாம். பஸ் சண்டிலிப்பாயை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் வாயால் ஒரு பொய் ஊருக்குள் போய்க்கொண்டிருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, நான் மாத்தத்தான் போனனான்" என்றேன். "எழுதியும் போட்டன். சேமிக்கேக்கை கரண்ட் நிண்டிட்டுது. அதுதான் நடந்தது."

அவர் சிரிப்பு நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தினை மணிக்குக் கரண்ட் வந்தது?"

"ரண்டு மணிக்கு."

"நான் எத்தினை மணிக்கு வந்தனான்?"

"மூண்டுக்குக் கிட்ட."

"அப்ப ஒரு மணித்தியாலம் கரண்ட் இருந்திருக்கு. அதுக்குள்ளை மாத்தினனீரோ?"

"இல்லை."

அக்கா பக்கத்துப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னதிலை பிழையில்லை" என்றார்.